கூரைக் காத்தாடியும் அதற்குள் ஒரு டைனமோவும்: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த கதை

முழுக்க வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகர ஷெட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சூட்டை வெளியேற்ற இந்த உருண்டைக் காத்தாடியை வாங்குவதாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அதற்குள்ளேயே டைனமோ வைத்து "மேலே ஏறும் சூடான காற்றிலிருந்து கரண்ட்" என்று விற்கிறார்களே, அந்த மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை வைகையில் போடுங்கள். வைகையில் போட்டாலாவது கோடையில் மணலில் இறங்கிப் பொறுக்கிக்கொள்ளலாம்.

போன வாரம் கடைக்காரரே போன் போட்டார். "அண்ணே, நாலு பீஸ் வாங்குன கஸ்டமர் நீங்க, அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதிவிடுங்கண்ணே" என்றார். ரெண்டு வரியில் அடங்குகிற சமாச்சாரமாக எனக்குத் தெரியவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். கடை பெயரைப் போடப் போவதில்லை. அந்த வீதியில் நாலைந்து கடைகளில் இதே சரக்கை இதே வசனத்தோடுதான் விற்கிறார்கள், ஒருவரை மட்டும் இழுத்து என்ன ஆகப்போகிறது.

எங்களுக்கு அப்பளத் தொழில், மதுரையில் சிந்தாமணிப் பக்கம். அப்பா காலத்தில் ஓட்டுக் கொட்டகையாக இருந்தது, இப்போது தகர ஷீட். ஓடு இருந்தவரை இப்படி வேகவில்லை என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்கிறார்கள், அது உண்மையும்தான். சித்திரை மதியம் ஷெட்டுக்குள் நுழைந்தால் யாரோ முகத்தில் வெந்நீர்த் துண்டை அமுக்கியது மாதிரி இருக்கும். பதினாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். ஃபேன் போட வேண்டியதுதானே என்று வெளியாட்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். அப்பளக் கொட்டகையில் ஃபேன் ஒரு எதிரி. தேய்த்துப் போட்ட அப்பளத்தில் நேரடியாகக் காற்று பட்டால் நடு ஈரமாக இருக்கும்போதே ஓரம் காய்ந்து சுருண்டுவிடும், சுருண்டது அடுக்கும்போது உடையும். போதாததற்கு மேலே தூவுகிற உளுந்த மாவு பறந்து எல்லோர் மூக்கிலும் ஏறும், பிறகு நாள் முழுக்கத் தும்மல் கச்சேரிதான். அதனால் ஃபேனை ஓரத்தில், ஆள் முதுகுக்குப் பின்னால், மெதுவாகத்தான் ஓட விடுவோம். அது இருக்கிற சூட்டைக் கிளறிவிடும், வெளியே தள்ளாது.

இதற்குத்தான் காத்தாடி. பார்த்திருப்பீர்கள், கப்பலூர், புதூர் பக்கமெல்லாம் தொழிற்பேட்டைக் கூரைகளில் வெள்ளையாக, வெங்காயம் மாதிரி உருண்டையாக, தகடு தகடாக மடித்து வைத்தது நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது. வெளியே காற்றடித்தால் அந்தத் தகடுகளில் பட்டுச் சுற்றும். காற்றே இல்லாவிட்டாலும் உள்ளே கூரையடியில் தேங்கிய சூடான காற்று மேலேறி அதன் வழியாகப் போகும், போகிற போக்கில் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போகும். டர்போ வென்டிலேட்டர் என்று பில்லில் போடுகிறார்கள், எங்கள் ஆட்கள் "உருண்டை" என்கிறார்கள்.

போன வருடம் பங்குனியில் வாங்கப் போனேன். 24 அங்குல வாய் உள்ள சாதா மாடல், மாட்டிக்கொடுக்கும் கூலியோடு 4,200 ரூபாய் என்றார். சரி என்று நாலுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகும்போது கல்லாவில் இருந்தவர், "ஒரு நிமிசம் இருங்கண்ணே, புதுசா ஒண்ணு வந்துருக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்தார். அதே உருண்டை, ஆனால் நடுத்தண்டின் அடியில் ஒரு சின்னத் தேங்காய் அளவுக்கு டைனமோ, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். பெட்டி மேல் 50 வாட் என்று அச்சடித்திருந்தது. விலை 9,500. "சும்மா வீணாப் போற சூடுதானண்ணே, அதைக் கரண்டாக்கிட்டா ஷெட்டுல லைட்டு பூராவும் ஓசி" என்றவர், எனக்குச் சந்தேகம் இருப்பதைப் பார்த்துவிட்டு போனில் ஒரு வீடியோ காட்டினார். பொட்டல் காட்டில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு குழாய், அதைச் சுற்றித் தரையோடு தரையாகக் கண்ணாடிக் கூரை. "ஸ்பெயின் நாட்டுல இதே டெக்னாலஜில கரண்ட் எடுத்துருக்காங்க, பாருங்க" என்றார்.

விழுந்துவிட்டேன். இரண்டு சாதா, இரண்டு டைனமோ என்று வாங்கிவந்தேன். பொய் சொல்லி விற்றார் என்று முழுசாகச் சொல்லவும் முடியவில்லை. அந்த ஸ்பெயின் விஷயம் உண்மை. எங்கே கோட்டைவிட்டேன் என்று புரிய எனக்கு ஒரு சித்திரையும் ஒரு ஆடியும் தேவைப்பட்டன.

மாட்ட வந்த வெல்டர் தம்பிதான் முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தார். மேலே ஏறி ஷீட்டை வட்டமாக வெட்டி, பைபர் பேஸை உட்காரவைத்து, ஸ்க்ரூ முடுக்கி, சந்தில் சிலிக்கான் பூசி எல்லாம் முடித்துவிட்டுக் கீழே இறங்கியவர் ஷெட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, மேல வழி விட்டாச்சு, கீழ காத்து எங்கிட்டு வரும்?" என்றார். நான் ஷட்டரைக் காட்டினேன். "அது மதியம் பாதி சாத்தித்தான கெடக்கு. கீழ வராம மேல எப்புடிண்ணே போகும்? காளவாசல்ல கீழ ஓட்டைய அடைச்சா பொகை போகுமா?" எங்கள் ஊரில் காளவாசல் என்றே ஒரு இடம் இருக்கிறது, செங்கல் சூளைக்கு அதுதான் பேர். தினமும் பஸ்ஸில் கடக்கிற பெயர், அதில் இப்படி ஒரு பாடம் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாளே வடக்குச் சுவரில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஆறு இடங்களில் கல்லை எடுத்துவிட்டு, காற்று வர ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஜாலி வைத்தோம், எலி வராமல் உள்பக்கம் வலை. காத்தாடி வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடையில் இதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

ஜாலி வைத்த அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. ஆள் தலை உயரத்தில், ஆறடியில், ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டிருந்தேன். முன்பெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு 42 காட்டியது 39க்கு வந்தது. அன்றைக்கு வெளியே நிழலில் 38. அதாவது வெளிச் சூடு எவ்வளவோ கிட்டத்தட்ட அதுவரை இறக்கிவிடும், அதற்குக் கீழே இறக்காது, இறக்கவும் முடியாது. ஏசி மாதிரி நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள். ஆனால் மூன்று டிகிரி என்பது எழுதிப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறதே தவிர, அந்த இடத்தில் எட்டு மணி நேரம் உட்கார்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். வரிசையில் கடைசியில் உட்காரும் அக்கா முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தோளில் போட்டுக்கொள்வார், அந்தச் சித்திரையில் அதைச் செய்யவில்லை. எனக்கு அதுதான் மீட்டர்.

இனி கரண்ட் கதை.

டைனமோ வைத்த இரண்டிலிருந்தும் ஒயரைக் கீழே இறக்கி, ஒரு 12 வோல்ட் எல்இடி பல்பில் கொடுத்திருந்தேன். முதல் நாள் மதியம் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், சாதா காத்தாடி இரண்டும் சுற்றுகின்றன, காசு கூடக் கொடுத்த இரண்டும் அசையவே இல்லை. ஒரு ஆள் கூரையில் ஏறிக் கையால் தள்ளிவிட்டான், இரண்டு சுற்றுச் சுற்றி "டக்" என்று நின்றது. பல்பு ஒரு முறை கண்ணைச் சிமிட்டியது. கீழே ஒரே சிரிப்பு. "மொதலாளி, அது உங்களப் பாத்துக் கண்ணடிக்குது" என்று ஒரு அக்கா சொல்ல, அன்று முழுக்க அதே பேச்சு.

ஏன் நின்றது என்பதை என் பையன் கண்டுபிடித்தான். இன்ஜினியரிங் படிக்கிறான், ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். டைனமோவைக் கழற்றி என் கையில் கொடுத்து, தண்டை மெதுவாகத் திருப்பச் சொன்னான். திருப்பும்போது கையில் கடக் கடக் என்று பிடித்துப் பிடித்து விடுகிறது. உள்ளே இருக்கும் காந்தம் இரும்பை ஒவ்வொரு பல்லிலும் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பிடியை மீறித் தள்ளினால்தான் அடுத்த பல்லுக்குப் போகும். வேகமாகச் சுற்றும்போது இது தெரியாது. மெல்லக் கிளம்புகிற காற்றுக்கு இந்தப் பிடியே போதும், கட்டிப்போட்டுவிடும். அதாவது ஒயரில் பல்பு மாட்டாவிட்டாலும் நஷ்டம்தான். டைனமோ இருப்பதாலேயே காத்தாடி சும்மா நிற்கிறது, சூடு வெளியே போகிற வேகமும் குறைகிறது.

அப்புறம் அவன் ஒரு தாளில் கணக்குப் போட்டான். அந்தத் தாளை இன்னும் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருக்கிறேன். சூடான காற்று எவ்வளவு வேகமாக மேலே ஏறும் என்பது இரண்டு விஷயத்தில் இருக்கிறதாம். உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசம், அந்தச் சூடான காற்றுத்தூண் எவ்வளவு உயரம். எங்கள் ஷெட் உச்சி சுமார் 5 மீட்டர். கூரையடியில் 10 டிகிரி கூட இருக்கிறது என்று தாராளமாக வைத்து, எங்கேயும் உராய்வே இல்லை என்று இன்னும் தாராளமாக வைத்தாலும், காற்று விநாடிக்கு 1.8 மீட்டருக்கு மேல் ஏறாது. நாம் சாவகாசமாக நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. 24 அங்குல வாய் வழியாக அந்த வேகத்தில் போகிற காற்றில் மொத்தமாக இருக்கிற சக்தியே ஒரு வாட்டுக்கும் கீழே. பிடிக்கக்கூடியது எவ்வளவு என்பது அப்புறம், காற்றிடம் இருப்பதே அவ்வளவுதான். "அப்பா, பழைய சைக்கிள் டைனமோவே மூணு வாட்டுப்பா" என்றான். பெட்டியில் 50 வாட் போட்டிருக்கிறதே என்றேன். அது டைனமோவின் அளவாம், பலமாகச் சுற்றிவிட்டால் அந்த டைனமோ அவ்வளவு கொடுக்கும். சுற்றிவிடுவது யார் என்று பெட்டியில் போடவில்லை.

அன்று இரவு அந்த ஸ்பெயின் சமாச்சாரத்தைத் தேடி உட்கார்ந்தோம். உண்மையில் அதைப் படித்தபிறகுதான் எனக்கு அந்த யோசனை மேல் மரியாதையே வந்தது, நான் வாங்கிய பொருள் மேல் இருந்த மரியாதை போனது.

மான்சனாரெஸ் என்ற ஊர், மாட்ரிட்டுக்குத் தெற்கே. ஜெர்மன் அரசாங்கம் பணம் கொடுத்து, யோர்க் ஷ்லைஷ் என்ற கட்டுமானப் பொறியாளர் வடிவமைத்தது. கொல்கத்தாவில் ஹூக்ளி மேல் 1992ல் திறந்தார்களே வித்யாசாகர் சேது, கம்பியில் தொங்கும் பாலம், அதன் வடிவமைப்பும் அவருடையதுதான். 1982ல் அந்தக் குழாய் ஓட ஆரம்பித்தது. உயரம் 195 மீட்டர். நம்ம மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர், அதை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு அடுக்கினால் இதைக் கொஞ்சம் தாண்டும். குழாயின் அகலம் 10 மீட்டர். அடியில் சுற்றிலும் 244 மீட்டர் விட்டத்துக்கு, தரையிலிருந்து ஆள் உயரத்தைவிடச் சற்று மேலே, பிளாஸ்டிக் தாளும் கண்ணாடியுமாகக் கூரை. பரப்பு 46,000 சதுர மீட்டர், நம் கணக்கில் பதினொன்றே கால் ஏக்கருக்கு மேல். கூரைக்கடியில் வெயில் தரையைச் சூடாக்கும், தரை காற்றைச் சூடாக்கும், சூடான காற்று ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடிவந்து குழாயில் ஏறும், குழாயின் அடியில் விசிறி. காற்றின் சூடு 20 டிகிரி அளவுக்குத்தான் கூடியது. ஆனால் உயரம் 195 மீட்டர் என்பதால், விசிறிக்கு வேலை கொடுக்காமல் விட்டால் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று ஏறியிருக்கிறது. விசிறியை ஓடவிட்டு மின்சாரம் எடுக்கும்போது அந்த வேகம் 9 ஆகக் குறைந்தது. இந்த இடத்தில் பையன் என்னைப் பார்த்தான், எனக்கும் புரிந்தது. எங்கள் டைனமோ எங்கள் காற்றைப் பிடித்து நிறுத்தியது போலத்தான் அங்கேயும். காற்றிடமிருந்து சக்தியை எடுத்தால் காற்று மெதுவாகத்தான் போகும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இதே வேலையைச் சித்திரை மதியத்தில் நம் காய்ந்த கண்மாயில் இயற்கையே செய்துகாட்டும். திடீரென்று ஒரு இடத்தில் மண்ணும் சருகும் சுழன்று மேலே எழும், பேய்க்காற்று என்று பிள்ளைகளை ஓரமாக இழுத்துக்கொள்வோம். யானைமலைக்கு மேலே பருந்து இறக்கையை அசைக்காமலேயே வட்டம் போட்டு வட்டம் போட்டு உயரே போவதும் அந்த ஏறு காற்றில்தான். அவற்றுக்கு எல்லாம் வானமே குழாய், எனக்கு 5 மீட்டர் தகரம்.

சரி, அவ்வளவு பெரிய குழாயில் எவ்வளவு கரண்ட்? உச்சபட்சம் 50 கிலோவாட். அதாவது 5 குதிரை மோட்டார் பம்புசெட் பதின்மூன்று ஓடும். பதினொன்றே கால் ஏக்கர் கூரையும் நாலு கோபுர உயரமும் போட்டு பதின்மூன்று பம்புசெட். அதற்காக அதைக் கேலி செய்ய மாட்டேன். அது கணக்கு சரியா என்று பார்க்கக் கட்டியது, கணக்கு சரியாக வந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கென்று கட்டியது ஏழு வருடம் நின்றிருக்கிறது, சூரியன் இறங்கிய பிறகும் தரையில் தேங்கிய சூட்டில் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. குழாயைச் சுற்றி இழுத்துக் கட்டிய கம்பிகளுக்குத் துருப்பிடிக்காமல் சரியான பூச்சு போடவில்லை, குறைந்த நாளுக்குத்தானே என்று விட்டிருந்தார்கள். துரு தின்று, 1989ல் ஒரு புயற்காற்றில் குழாய் சாய்ந்துவிட்டது. காற்றை நம்பிக் கட்டியதைக் காற்றே சாய்த்துவிட்டது என்று வெல்டர் தம்பியிடம் சொன்னால், அவர் "பிரைமர் அடிக்காம விட்டா அப்புடித்தாண்ணே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

உயரம்தான் எல்லாம் என்பதால், அடுத்து வந்தவர்களில் பலர் உயரத்தைக் கூட்டத்தான் திட்டம் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் குழாய், 200 மெகாவாட் என்று பல வருடம் பேசினார்கள், கட்டவில்லை. சீனாவில் உள்மங்கோலியாவில் 2010ல் 200 கிலோவாட்டுக்கு ஒன்று ஓடவிட்டார்கள். ஏன் ஒரு கிலோமீட்டர் என்று கேட்டால், சூடான காற்றில் இருக்கும் வெப்பத்தில் குழாய் எத்தனை பங்கை ஓட்டமாக மாற்றும் என்பது உயரத்தை வைத்துத்தான். ஆயிரம் மீட்டருக்கு நூற்றுக்கு மூன்று பங்குதான். 195 மீட்டருக்கு ஒரு பங்குகூட இல்லை. எங்கள் 5 மீட்டருக்கு எவ்வளவு என்று பையன் தாளில் எழுதினான், தசமப் புள்ளிக்கு அப்புறம் ஒரு சைபர் போட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றும் யோசித்தேன். அருப்புக்கோட்டை வழியாகப் போனால் கமுதியில் 2016ல் திறந்த சோலார் மின் நிலையம் இருக்கிறது, 2,500 ஏக்கரில் 648 மெகாவாட். அந்த விகிதத்தில் மான்சனாரெஸ் கூரை அடைத்த பதினொன்றே கால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 3 மெகாவாட் வரும், அதாவது அறுபது மடங்கு. பேனல் விலை இறங்கிய பிறகு குழாய்க்கு ஏன் யாரும் பணம் போடவில்லை என்று எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நியாயமாக ஆடி மாதத்தையும் சொல்ல வேண்டும். ஆடியில் மேற்கிலிருந்து, ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற அடியில் சிந்தாமணியில் காயப்போட்ட அப்பளம் அடுத்த ஊரில் போய் விழும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. அந்த ஒரு மாதம் டைனமோ காத்தாடிகளும் கிறுகிறு என்று சுற்றின. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், நல்ல வீச்சு வரும்போது 14 வோல்ட், 0.2 ஆம்பியர். மூன்று வாட்டுக்குள். பல்பு எரிந்தது, பக்கத்தில் போனால் பேப்பர் படிக்கலாம். ஆனால் அது அடிக்கிற காற்றின் கரண்ட், ஏறுகிற சூட்டின் கரண்ட் இல்லை. கடைக்காரர் விற்றது இரண்டாவதை. மூன்று வாட் என்றே வைத்து, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அதே வீச்சில் அடித்தாலும் ஒரு யூனிட் சேர முப்பத்து மூன்று நாள். சாதா மாடலைவிட இதற்குக் கூடுதலாகக் கொடுத்தது 5,300 ரூபாய். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் போட்ட காசை எடுக்க அறுபது வருடம், அதுவும் பன்னிரண்டு மாதமும் ஆடியாக இருந்தால்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "கழட்டி மாட்டுனத எடுக்க மாட்டோம்ணே, எலக்ட்ரிக்கல் ஐட்டம்" என்றார்கள். பில்லின் பின்பக்கம் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, வாங்கும்போது யார் பின்பக்கம் பார்க்கிறார்கள். கொஞ்சம் சத்தம் போட்டபிறகு இரண்டு பேரிங் இலவசமாகக் கொடுத்தார்கள். டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆவணியில் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன், வெயிலைத் திருப்பி அனுப்புகிற கூல் பெயின்ட். அதில் இன்னும் இரண்டு டிகிரி குறைந்தது. ஷீட் சூடாவது குறைந்ததும் உள்ளே காற்று ஏறுவதும் குறைந்துவிட்டது, காத்தாடி முன்பைவிட மெதுவாகத்தான் சுற்றுகிறது. பெண்களில் ஒருவர் "ரிப்பேரா?" என்று கேட்டார். ரிப்பேர் இல்லை அக்கா, உங்களுக்குச் சூடு குறைந்தால் அதற்குச் சாப்பாடு குறையும் என்றேன். யோசித்துப் பாருங்கள், டைனமோ ஓட வேண்டுமென்றால் ஷெட் கொதிக்க வேண்டும், ஆட்கள் உட்கார வேண்டுமென்றால் ஷெட் ஆற வேண்டும். இந்தப் பொருளை ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற இடத்துக்கு விற்பதே தப்பு.

ஐப்பசி மழையில் அடுத்த பாடம். நாலு காத்தாடியில் ஒன்றில் பேஸ் ஓரமாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. சுற்றிக்கொண்டிருக்கும்போது உருண்டைக்குள் மழை வருவதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒழுகியது ஷீட்டும் பைபரும் சேர்கிற இடத்தில், ஷீட்டின் மேடு பள்ளத்தோடு பேஸ் சரியாக உட்காராததால். கீழே அடுக்கி வைத்திருந்த ஒரு மூட்டை அப்பளம் நமத்துப்போனது. அப்பளக்காரனுக்கு நமத்துப்போவது என்றால் வீட்டில் சாவு மாதிரி. உங்கள் ஷீட்டின் வளைவுக்கு ஏற்ற பேஸ் கேட்டு வாங்குங்கள், எல்லா ஷீட்டும் ஒன்றில்லை. சிலிக்கானை மட்டும் நம்பாமல் மேல்பக்கத்து ஷீட்டுக்கு அடியில் பேஸைச் செருகி மாட்டச் சொல்லுங்கள், தண்ணீர் அதன் மேலேயே வழிந்து போய்விடும். நாங்கள் கழற்றி அப்படி மாட்டிய பிறகு கார்த்திகை மழை முழுக்க ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஒலி பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் ஆறு மாதம் சத்தமே இல்லை. இப்போது ஒன்றில் மட்டும், ராத்திரி காற்றடிக்கும்போது, கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். பேரிங் காய்ந்திருக்கிறது.

டைனமோ இரண்டையும் தீபாவளிக்கு முன்பே கழற்றிவிட்டேன். கழற்றிய அன்றைக்கே அந்த இரண்டு உருண்டையும் மற்ற இரண்டைப் போலவே சுற்ற ஆரம்பித்தன, இப்போது கீழேயிருந்து பார்த்தால் எது 9,500, எது 4,200 என்று எனக்கே தெரியாது. ஒரு டைனமோவை அக்காவின் பேரன் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குக் கேட்டு வாங்கிப்போனான், கைப்பிடி வைத்துச் சுற்றி வரிசையாக எல்இடி எரியவிட்டானாம். இன்னொன்று தராசுப் பலகையில் கிடக்கிறது, காகிதம் பறக்காமல் இருக்க பில் கட்டு மேல் வைக்கிறேன். நல்ல கனம். ஷெட் வெளிச்சத்துக்கு ஒரு 40 வாட் பேனலும் பழைய பேட்டரி ஒன்றும் வைத்துவிட்டேன், அதற்கு ஆன செலவு ஒரு டைனமோவுக்குக் கூடுதலாகக் கொடுத்ததைவிடக் குறைவு.

ஆக ஸ்டார் கணக்கு: சாதா காத்தாடிக்கு நாலு, ஒழுகலுக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். டைனமோ மாடலுக்கு ஒன்று, அதுவும் ஒன்றுக்குக் கீழே போடவிடாததால். கடைக்காரர் அண்ணே, படித்தால் கோபப்படாதீர்கள், சாதா மாடல் இன்னும் இரண்டு வேண்டும், கோடவுனுக்கு. வெல்டர் தம்பி வெள்ளிக்கிழமை கிரீஸ் வைக்க ஏறுகிறார், அன்றைக்கே மாட்டிவிடலாம். பேஸ் மட்டும் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.